கடல்பாசிக்கும் வேண்டும் விதை வங்கி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாக் நீரிணைக் கரையில் கடல்பாசி வளர்ப்பை விரிவுபடுத்துவது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மிதவை, கயிறு, மானியம் எல்லாம் பேசிய கட்டுரையில் விதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மூங்கில் மிதவைகளில் நம் கரையோரத்தில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் என்ற கடல்பாசி, பிலிப்பைன்ஸ் கடலிலிருந்து வந்தது. அறுவடையில் ஒரு பங்கை ஒடித்து மறுபடி கயிற்றில் கட்டுவதுதான் அதற்கு விதை. எல்லாம் ஒரே செடியின் துண்டுகள் என்பதால் வெப்பமோ நோயோ தாக்கினால் மொத்தமாகப் போகிறது. 2013-க்குப் பிறகு கடல் சூடேறி ராமநாதபுரம் கரையில் உற்பத்தி சரிந்ததைக் கண்டோம். நம் கடலுக்கே உரிய கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் ஓயாமல் பறிக்கப்பட்டுக் குறைந்துவருகின்றன.

பாசியின் வித்துகளையும் நுண்ணிழைகளையும் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்துக் காக்க முடியும். ஜப்பானியர் உண்ணும் நோரிப் பாசியை இப்படிச் சேமித்து மீண்டும் வளர்த்திருக்கிறார்கள். ஆனால் உருக்குவதில் தவறினால் உறைய வைத்த பாடெல்லாம் வீண்.

நான் கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சியைத் திரவ நைட்ரஜன் கேனிலிருந்து இடுக்கியால் எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி, ஈரம் போகத் துடைத்த பிறகே நுனியை வெட்ட வேண்டும். காற்றில் மெல்ல இளக விட்டால் பொடியாக இருக்கும் பனித்துகள்கள் சேர்ந்து பெரிதாகி உயிரணுவைக் கிழித்துவிடும். பாசிக்கு இன்னும் கூடுதல் பக்குவம் வேண்டும். ஏறத்தாழ 40 டிகிரி நீரில் பனி கரையும் வரை மட்டுமே வைக்க வேண்டும். உறையும்போது காப்புக்காகச் சேர்த்த ரசாயனங்கள் உருகிய பின் செல்லுக்கே நஞ்சாகும். அவற்றைக் கடல்நீரால் படிப்படியாகக் கழுவ வேண்டும். ஒரேயடியாகக் கழுவினால் செல் வீங்கி வெடிக்கும். பிறகு சில நாள் மங்கிய வெளிச்சத்தில் தேற விட வேண்டும். என்ன கரைசல், எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியாகத்தான் கண்டறிய முடியும். கப்பாபைகஸ் முழுச்செடியாக உறைய வைப்பதற்கு எளிதில் இணங்காது.

நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தஞ்சை மாவட்டத்து ஈச்சங்கோட்டையில் உறைவிந்து நிலையம் இருக்கிறது. திரவ நைட்ரஜனோடு அன்றாடம் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். இவர்களைச் சேர்த்து டெல்டா கரைக்கென ஒரு பாசி விதை வங்கியை அரசு தொடங்க வேண்டும். சேமித்ததோடு விடாமல் ஆண்டுதோறும் சிலவற்றை உருக்கி, பிழைத்ததைத் தொட்டியில் வளர்த்து, மிதவை கட்டும் பெண்களிடம் கொடுத்துக் கடலில் பார்க்க வேண்டும். முதலில் கஞ்சிப்பாசியில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
பேராவூரணி.