சின்னவனின் விசில்

அன்புள்ள ஜெரோம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டுவலி அப்படியேதான். கருவாடு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வரும்; வாசனை வெளியே வராதபடி மூன்று சுற்றுக் கட்டியிருக்கிறேன், போய் வாங்கிக்கொள். இனி விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்கக் கூடாது.

சின்னவன் ரெஃபரி ஆகிவிட்டான்.

தூத்தூரிலிருந்து நீரோடி வரை எந்த வீட்டைத் தட்டினாலும் பந்தடிக்க ஒருவன் எழுந்து வருவான். இரவிபுத்தன்துறை சூசைராஜ் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து வரை போய் ஆடிவிட்டார். விசில் ஊதத்தான் ஆள் கிடையாது. ஊதினால் என்ன கிடைக்கும் என்று இந்தக் கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். என் மகனுக்கு மட்டும் தெரியவில்லை.

திருவிழாக் கோப்பை இறுதிப்போட்டிக்கு வரவேண்டிய நடுவர் வரவில்லை. இவனைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். கடைசிப் பத்து நிமிடம், கோல் இல்லை. எதிரணிக்கு ஃப்ரீ கிக். நம் கோல்கீப்பர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் நகரு, வலது பக்கம் நகரு என்று ஆட்களை நிறுத்திச் சுவர் கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் கட்டி முடிப்பதற்குள் அந்தப் பையன் பந்தை மெல்லத் தூக்கி வலைக்குள் போட்டுவிட்டான். சின்னவன் கையை நடுக்கோட்டுக்கு நீட்டினான். சொந்த ஊருக்கு எதிராக!

விசிலை விற்றுத் தின்றவன் என்றார்கள். கண்ணைக் கடலில் போட்டவன் என்றார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவன் தோளில் பட்டது. அவன் குனிந்து அதை எடுத்துக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த சிறு அட்டையில் கோல் விழுந்த நிமிடத்தை எழுதினான். அப்போதுதான் நம் நெட்டையன் எழுந்து அவன் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். அவள் குருசடிப் படியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நீ இப்போது எதை நினைத்துக் குதிக்கிறாய் என்று தெரியும். 2023 மார்ச் 3, பெங்களூர் கண்டீரவா மைதானம், 96ஆவது நிமிடம், எங்கள் கோலி சுவர் கட்டி முடிப்பதற்குள் உங்கள் பெங்களூரு அணியின் சேத்ரி இதேபோல ஃப்ரீ கிக்கில் போட்ட கோல். எங்கள் கேரளா பிளாஸ்டர்ஸ் மைதானத்தை விட்டு வெளியேறியது, 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை, எல்லாம் நினைவிருக்கிறது. அன்று இரவு நீ அனுப்பிய வசவுகளும் நினைவிருக்கின்றன. அது திருட்டு கோல் என்றுதான் இன்றும் சொல்கிறேன். அங்கே கோலியை ஏமாற்றினார்கள். இங்கே கோலி தூங்கினான். வித்தியாசம் புரியாவிட்டால் உன் பாடு. அதே மாதம் கோவாவில் மோகன் பகானிடம் டைபிரேக்கரில் தோற்றதும் வீடியோ நடுவர் வேண்டும் என்று உங்கள் அணியின் முதலாளியே கேட்டாரே, அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்?

சின்னவனிடம் இந்த வாதம் செல்லவில்லை. ஃப்ரீ கிக் பற்றிய கால்பந்து விதி 13ஐ எடுத்து நீட்டுகிறான். பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்பது தடுப்பவர்கள் கடமையாம். தூரம் அளந்து தரச்சொல்லி அடிப்பவன் கேட்காவிட்டால் விசிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லையாம். "அப்படியென்றால் சேத்ரி அடித்தது?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சாப்பிட்டான்.

மறுநாள் விடியற்காலை நெட்டையன் ஒரு பை நெத்திலியோடு வாசலில் வந்து நிற்கிறான், ஒன்றும் நடக்காததுபோல. அவள் பையை வாங்கிக்கொண்டாள். அவனுக்குச் சாயா கொடுக்கவில்லை.

ஜெரோம், எனக்கு உள்ளூரப் பயமாக இருக்கிறது. இன்று பாட்டில், நாளை கல்லாக இருக்கலாம். விசிலைத் தூக்கிப் போடச்சொல்லி அவள் அழுகிறாள். போடாதே என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, போடு என்றும் வாய் வரவில்லை. அத்தனை சத்தத்திலும் அவன் கை நடுங்கவில்லை, அதை நான் பார்த்தேன்.

அடுத்த மாதம் பெங்களூரில் ஏதோ பயிற்சி வகுப்பு என்கிறான். உன் வீட்டில்தான் தங்குவான். தினமும் மீன் வேண்டாம், முட்டை போதும். நீயே தனியாக உட்காரவைத்துப் பேசிப்பார். என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொல்வான். சேத்ரி படத்தை மட்டும் அவன் வருவதற்கு முன் சுவரிலிருந்து கழற்றிவிடு.

உன்,
சூசை