சாந்திக்கு ஒரு வெள்ளிக்கிழமைக் கடிதம்

கொட்டாஞ்சேனை,
29.07.2022

அன்புள்ள சாந்தி,

இன்று நடந்ததை உனக்குச் சொல்லாமல் படுத்தால் எனக்கு நித்திரை வராது. கரண்ட் வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ பஸ்ஸில் கொடுத்துவிட்ட முந்திரிகைப் பருப்பு பத்திரமாக வந்து சேர்ந்தது. பொதியை மூன்று சாக்கு நூலால் கட்டியிருந்தாயே, அதை அவிழ்க்கவே அரை மணி நேரம் போய்விட்டது. நீ இன்னும் நாங்கள் ஆசிரியப் பயிற்சி எடுத்த காலத்தில் கோப்பாய் விடுதியில் பெட்டி கட்டிய அதே சாந்திதான். அங்கே நாங்கள் மூக்குத்தி அக்கா என்று கூப்பிடுவோமே, அவ ஓய்வு பெறப் போகிறாவாம், கேள்விப்பட்டாயா? பிரியாவிடைக்குப் பாட்டு யார் படிப்பது என்று இப்போதே சண்டையாம். உன்னைக் கூப்பிட்டால் தயவுசெய்து மாட்டேன் என்று சொல்லிவிடு, கேட்கிறவர்களும் பாவம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமையோடு பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டார்கள், ஆனால் செவ்வாய், புதன், வியாழன் மட்டும்தான். திங்களும் வெள்ளியும் வீட்டிலிருந்து படிப்பு. உங்கள் மட்டக்களப்பில் எப்படியோ, இங்கே பள்ளி வேன் ஓடுவதே அபூர்வம், பிள்ளைகள் வரும் நாளிலும் வகுப்பு நிறைவதில்லை. அதனால் இந்த இரண்டு நாளையும் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. தரம் 2, என் வகுப்பில் 34 பிள்ளைகள். இவர்களின் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார். முன்பள்ளிக்குப் போக வேண்டிய 2020 கொரோனாவில் போனது. தரம் 1 படித்த 2021இலும் பெரும்பகுதி வீட்டில்தான், ஆரம்பப் பிரிவுகளைத் திரும்பத் திறந்ததே ஒக்டோபர் 25ஆம் திகதி. இந்த வருடமாவது ஒழுங்காகப் படிப்பார்கள் என்று இருந்தால் ஜூன் மாதம் பெற்றோல் இல்லையென்று கொழும்பில் மறுபடி மூடிவிட்டார்கள். ஏழு வயதுப் பிள்ளை ஒரு வகுப்பறையில் இருந்த நாட்களை மாதக் கணக்கில் சொல்லிவிடலாம். இவர்கள்தான் 2025இல் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகிறவர்கள். நினைக்க நினைக்க எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

காலை எட்டரைக்கு வழக்கம்போல சூம். பாதிப் பேர்கூட வரவில்லை. வந்தவர்களிலும் ஒரு வீட்டில் மிக்ஸி சத்தம், இன்னொரு வீட்டில் தம்பி அழுகிறான், ஒரு தாத்தா செய்தி கேட்கிறார். அதனால் எல்லாருடைய மைக்கையும் மியூட்டில் போடச் சொல்கிறார்கள், நானும் போடுகிறேன். நான் ‘அணில்’ என்று வாசிக்கிறேன், பெட்டிகளுக்குள் சின்ன வாய்கள் அசைகின்றன. என்ன சொல்கின்றன என்று கடவுளுக்குத்தான் தெரியும். எட்டும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்கிறேன், ஒரு நொடியில் ‘13’ என்று கை தூக்கிக் காட்டுகிறார்கள். பின்னால் அம்மாவின் வளையல் கை பென்சிலோடு நகர்வதைக் கண்ணால் கண்டேன் சாந்தி. அந்த அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். தன் பிள்ளை பிந்திப்போகக் கூடாது என்ற பயம் அவளுக்கு. ஆனால் அந்தப் பிள்ளைக்கு எட்டும் ஐந்தும் தெரியுமா தெரியாதா என்பதை நான் எப்படி அறிவது?

மேலிருந்து வருகிற படிவத்தில் கேட்பதெல்லாம் எத்தனை பேர் இணைந்தார்கள் என்பதுதான். இணைந்தவன் ஒரு சொல்லை வாசித்தானா என்று கேட்க அதில் ஒரு கட்டமும் இல்லை. இதைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் வருகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது, வீட்டு வைபையும் போனது. அதன் பிறகுதான் உனக்குச் சொல்ல வந்த அலுவல் தொடங்கியது. கொஞ்ச நாளாக நான் ஒன்று செய்து வருகிறேன். சூம் முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சாதாரண போன் அழைப்பு எடுக்கிறேன். வீடியோ இல்லை, டேட்டா தேவையில்லை, பட்டன் போனாக இருந்தாலும் போதும். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, ஐந்தோ ஏழோ நிமிடம். அம்மாமாரிடம் முதலே சொல்லிவிடுவேன், போனைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள், பிழை விட்டால் விடட்டும், எனக்கு அந்தப் பிழைதான் வேண்டும் என்று.

நீ நம்பமாட்டாய், முகம் தெரியாத இந்த அழைப்பில்தான் எனக்கு எல்லாமே தெரிகிறது. இன்று ஒரு சிறுமி. தாய் மிகவும் பெருமையாக, ‘எங்கட பிள்ளை பாடப் புத்தகம் முழுக்க வடிவா வாசிப்பா ரீச்சர்’ என்றா. உண்மைதான், மழை மாதிரி வாசித்தாள். எனக்குச் சந்தேகம் வந்து, ‘கடைசி வரியை மட்டும் வாசியம்மா’ என்றேன். சத்தமே இல்லை. பிறகு மெல்ல ஒரு முணுமுணுப்புக் கேட்டது. முதல் வரியிலிருந்து வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டே வருகிறாள்! கடைசி வரிக்கு வந்ததும் குரலை உயர்த்தி, ‘அம்மா சோறு தந்தார்’ என்று தெளிவாகச் சொன்னாள். அவ்வளவு பக்கத்தையும் அந்தக் குழந்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. அந்த மூளைக்கு என்ன குறை சொல்வாய்? யாருமே அதற்கு எழுத்தைக் காட்டிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ‘தந்தார்’ என்பதில் இரண்டாவது எழுத்து எது என்று கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை.

இன்னொருவன், மட்டக்குளிப் பெடியன். அவனுக்கு மெய்யும் உயிரும் நன்றாகத் தெரியும், கொம்பு வந்தால்தான் தடுமாற்றம். ‘தேன்’ என்று எழுதி அனுப்பினால் முதலில் ‘ஏ’ என்கிறான், பிறகு ‘த’ என்கிறான், ‘ஏத்தன்’ என்று ஒன்றைச் சொல்லிவிட்டு அவனே சிரிக்கிறான். அவனில் பிழையில்லை. இடமிருந்து வலமாக வாசி என்று நாம்தானே சொன்னோம், முதலில் நிற்கிற குறியை அவன் முதலில் சொல்கிறான். ‘கொடி’ இன்னும் மோசம், க-வுக்கு இரண்டு பக்கமும் குறி. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்புவிக்கத் தெரிந்த பிள்ளையும் இந்த இடத்தில் விழுகிறது. வகுப்பில் என்றால் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்துவிட்டுப் பிறகு கொம்புக்குக் கொண்டுபோகலாம். போனில் என்ன செய்வது? முதலில் கொம்பை உள்ளங்கையால் மூடு, எழுத்தைச் சொல், இப்போது கையை எடு என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்று சொல்லுக்குப் பிறகு அவனாகவே ‘கேணி’யை வாசித்தான். அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

கணிதத்தில் இது இன்னும் நன்றாகக் கேட்கிறது. எட்டும் ஐந்தும் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், பிள்ளை வாய்க்குள் எண்ணுவது போனில் அப்படியே வரும். ஒருத்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பத்திலிருந்து பதின்மூன்று வரை எண்ணுகிறாள். இன்னொருத்தி ‘எட்டு...’ என்று ஒரு மூச்சு விட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று மேலே போகிறாள். இரண்டு பேரும் சொல்வது 13தான், படிவத்தில் இருவருக்கும் ஒரே சரிதான். ஆனால் அவர்களுக்கிடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று உனக்கும் எனக்கும் தெரியும். முதலாமவளிடம் நாளைக்கு 14இலிருந்து 6ஐக் கழி என்றால் திணறிப்போவாள். அவளுக்கு வேண்டியது எட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலே எண்ணப் பழகுவது, அதற்கு இரண்டு நாள் போதும். ஆனால் மியூட்டில் போட்டால் அந்த முணுமுணுப்புக் கேட்குமா? பிள்ளை யோசிக்கிற சத்தத்தையே அல்லவா நாம் அடைத்து வைத்திருக்கிறோம்!

இப்போது ஓட்டோக்காரரின் மகன் கதை. அந்த வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு போய்விடும். அப்பா இரவிலிருந்து பெற்றோல் செட் வரிசையில். கியூஆர் குறியைக் காட்டிப் பெற்றோல் எடுக்கிற முறை வந்து ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் என்று வைத்திருக்கிறார்கள், வரிசை இன்னும் குறையவில்லை. அதனால் காலையில் அப்பாவுக்குப் பாணும் தேத்தண்ணியும் கொண்டுபோன பையன் அங்கேயே நின்றுவிட்டான், பாடத்துக்காகவாம். அழைப்பை எடுத்ததும் ஹோர்ன் சத்தம், சனங்கள் சிங்களத்திலும் தமிழிலும் சத்தம் போட்டுக் கதைக்கிறார்கள். வேறொரு நாள் எடுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அவன், ‘இல்லை ரீச்சர், நான் ரெடி’ என்றான். கொப்பி இருக்கிறதா என்றால் இல்லை. சரி, முன்னால் நிற்கிற ஓட்டோவின் நம்பர் பிளேட்டில் கடைசி இரண்டு இலக்கத்தை வாசி என்றேன். 47. அதற்கு முன்னால் நிற்பது? 74. எது பெரிது? ‘இரண்டும் ஒன்றுதானே ரீச்சர், அதே நாலும் ஏழும்’ என்றான்.

எவ்வளவு அருமையான பிழை பார்! ஈர்க்கைப் பத்துப் பத்தாகக் கட்டிக் காட்டினால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும், ஆனால் அங்கே ஈர்க்குக்கு எங்கே போவது? வரிசையையே எடுத்துக்கொண்டோம். பத்து ஓட்டோ ஒரு கட்டு. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்து எண்ணிவிட்டு வந்தான். ‘எங்கட ஓட்டோ முப்பத்திரண்டாவது.’ எத்தனை கட்டு? ‘மூன்று கட்டு, பிறகு இரண்டு.’ உங்களுக்கு முன்னால் எத்தனை ஓட்டோ? ‘முப்பத்திரண்டு.’ நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, ‘ஐயோ ரீச்சர், எங்களையும் எண்ணிப்போட்டேன், முப்பத்தொன்று!’ என்று கத்தினான். அதற்குள் பக்கத்து ஓட்டோ அண்ணாவும் சேர்ந்துவிட்டார். 47 ஓட்டோ நின்றால் எத்தனை கட்டு, 74 நின்றால் எத்தனை கட்டு என்று அவரே கேட்கிறார், பையன் சொல்கிறான், அங்கே நிற்கிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். 74 நின்றால் நமக்கு இன்றைக்குப் பெற்றோல் கிடைக்காது என்றாராம் அப்பா. எது பெரிது என்று அவனிடம் நான் திரும்பக் கேட்கத் தேவையே இருக்கவில்லை.

சாந்தி, இது என் மனப்பிரமை என்று நினைத்துவிடாதே. பொட்சுவானா நாட்டில் 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது ஏறக்குறைய 4,500 குடும்பங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு வாரத்துக்கு ஒரு குறுஞ்செய்தியில் கணக்கு மட்டும், இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து ஆசிரியர் எடுக்கிற சுமார் இருபது நிமிட அழைப்பு. அழைப்புப் போன பிள்ளைகள்தான் முன்னேறினார்கள், வெறும் குறுஞ்செய்தியால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இந்த வருடம் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் சஞ்சிகையில் வந்திருக்கிறது. இங்கே நாங்கள் வட்ஸ்அப் குழுவில் பயிற்சித் தாள்களை அனுப்பி அனுப்பி, அதை அச்செடுக்கத் தாளும் இல்லாமல் பெற்றோரைப் போட்டு வதைக்கிறோம். மேல் மாகாணத்தில் மார்ச் மாதம் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தது நினைவிருக்கும்தானே?

இதில் கஷ்டம் இல்லையென்று சொல்லவில்லை. 34 பேருக்கும் ஒரு நாளில் எடுக்க முடியாது, இரண்டு நாளுக்கும் பிரித்தாலும் இரவாகிறது. சில வீடுகளில் அம்மா வேலைக்குப் போய்ப் போனோடு ஏழு மணிக்குத்தான் வருவா, பிள்ளை அப்போது நித்திரைத் தூக்கத்தில் இருக்கும். சிங்கள மொழியில் படித்த தாய்மார் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கே தமிழ் எழுத்து வாசிக்க வராது. அதில் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து மகளோடு சேர்ந்து தானும் படிக்கிறா, அடுத்த அறைக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனை எடுக்கவே எடுக்காத வீடுகள் நாலைந்து. அவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. கடிதம் கொடுத்துவிட்டேன், பதில் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், புளூமெண்டல் பக்கம்தான், நடந்தே போகலாம்.

செவ்வாய்க்கிழமை அதிபரிடம் ஒன்று கேட்கப் போகிறேன். பள்ளிக்கு வருகிற மூன்று நாளும், ஒரு மாதத்துக்குப் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எழுத்தும் வாசிப்பும் பத்துக்குள் எண்ணும் மட்டும் செய்ய அனுமதி. பாடத்திட்டம் முடியாது என்பார். முடியாதுதான். வாசிக்கத் தெரியாத பிள்ளையைத் தரம் 3க்கு ஏற்றிவிட்டு எந்தப் பாடத்திட்டத்தை முடிப்பது? இதை அவரிடம் கோபப்படாமல் சொல்ல வேண்டும். அதுதான் உன்னிடம் கேட்கிறேன், நீ இப்படியான ஆட்களைச் சமாளிப்பதில் கெட்டிக்காரி, விடுதிப் பொறுப்பாளரையே மடக்கியவள். எப்படித் தொடங்கலாம் என்று சொல்.

இன்னொன்று. நீ கோப்பாயில் செய்த வாசிப்பு அட்டைகள், படமே இல்லாமல் சொல்லை மட்டும் பெரிதாக எழுதி, கொம்பை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தாயே, அவை இன்னும் உன்னிடம் இருந்தால் ஒவ்வொன்றாகப் படமெடுத்து அனுப்பு. கறையான் தின்றிருந்தால் சொல்களின் பட்டியலையாவது நினைவுபடுத்தி எழுது. பிள்ளைகளுக்கும் அவருக்கும் என் அன்பு. போன் எடுப்பதென்றால் திங்கட்கிழமை இரவு எட்டரைக்குப் பிறகு எடு, அதற்கு முன்னால் எடுத்தால் என் அழைப்புக்காக மட்டக்குளிப் பெடியன் வரிசையில் நிற்பான்.

உன்,
வசந்தி