பீடி சுற்றித் தேய்ந்த விரலில் ரேகை கேட்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முக்கூடல் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு, எழுதப் படிக்கத் தெரியாத, அல்லது தெரிந்தும் அலுவலகத் தாள்களைக் கண்டு தயங்குகிற அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு மனுவும் படிவமும் எழுதிக் கொடுத்து வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பீடி சுற்றுகிறவர்கள். வறுமை என்றதும் வேலையின்மை, குடி, கல்லாமை என்று காரணங்களை அடுக்குவது நம் வழக்கம். இந்தப் பெண்களோ, பாவாடை கட்டிய நாளிலிருந்து ஒரு நாளும் வேலையில்லாமல் இருந்ததில்லை. அவர்கள் உழைத்த கூலியிலேயே பிடித்து வைத்த பணம், அவர்கள் முதுமையடைந்த பிறகு கைக்கு வராமல் நின்றுபோகிறது. இந்தக் கடிதம் அதைப் பற்றியதுதான்.

சென்ற மாதம் எங்கள் தெருவைச் சேர்ந்த, எழுபதை நெருங்கும் ஓர் அம்மா, மஞ்சள் பையில் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்தார். வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதற்கு ஆண்டுக்கொரு முறை வாழ்நாள் சான்று தர வேண்டும் அல்லவா? அதற்காக அவர் மூன்று முறை கணினி மையத்துக்குப் போயிருக்கிறார். கட்டை விரலை வைத்தால் கருவி ஏற்கவில்லை. கையைக் கழுவி வரச் சொன்னார்கள். முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். “விரல்ல ஒண்ணுமில்ல சார், இருந்ததையெல்லாம் இலையிலயே தேச்சுட்டேன்” என்றார். அவர் கையை வாங்கிப் பார்த்தேன். கட்டை விரலும் சுட்டு விரலும் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தன. சுட்டு விரலின் ஓரத்தில், நூல் இழுத்து இழுத்துப் பதிந்த ஒரு கோடு மட்டும் ஆழமாகத் தெரிந்தது.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் நாளே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். பதமான இலையை அளவுத் தகட்டில் வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். பிறகு மடியில் சுளவை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு, வெட்டிய இலையில் புகையிலைத் தூளை இட்டு, இரு கை விரல்களாலும் உருட்டி, நூலைச் சுற்றி, முகத்தை மடக்கி முடிக்க வேண்டும். ஆயிரம் சுற்றினால்தான் ஆயிரத்துக்கான கூலி. கை வேகமானவர்களுக்கே அது ஒரு முழு நாள் வேலை. ஓர் இலை குறைந்தது ஐந்தாறு முறை விரல்களுக்கிடையே உருள்கிறது என்று வைத்துக்கொண்டாலும், நாற்பது ஆண்டுகள் சுற்றியவரின் விரலில் ரேகை எங்கே தங்கும்? அந்த விரலைத்தான் அடையாளமாகக் கொண்டு வா என்கிறோம். நியாய விலைக் கடையிலும் இதே தொல்லைதான்.

வீட்டில் இருந்தே பீடி சுற்றுகிறவர்களைத் தொழிலாளர்கள் என்று ஏற்கவைக்கவே நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. 1966-இல் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1977-இல் வைப்பு நிதிச் சட்டம் பீடித் தொழிலுக்கு விரிவாக்கப்பட்டபோது, வீட்டில் சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளர்களே அல்லர் என்று முதலாளிகள் வழக்காடினார்கள். வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களும் அச்சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாளர்களே என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் கூலியிலிருந்தும் வைப்பு நிதிக்கு ஒரு பங்கு பிடிக்கப்படுகிறது. 1995-இல் வந்த திட்டத்தின்படி ஓய்வூதியமும் உண்டு. ஆனால் குறைந்தபட்ச ஓய்வூதியம் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்த தொகை மாதம் 1,000 ரூபாய். ஒப்பிட்டுச் சொல்கிறேன்: எந்தப் பிடித்தமும் இல்லாமல் தமிழ்நாடு அரசு ஆதரவற்ற முதியோருக்கு வழங்கும் உதவித்தொகையே 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்துவிட்டது. முதியோர் உதவித்தொகை அதிகம் என்று நான் சொல்லவில்லை, அதுவும் போதாது. வாரந்தோறும் தன் கூலியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்த பெண்ணுக்கு அதைவிடக் குறைவாகக் கொடுப்பதற்கு நாம் என்ன காரணம் சொல்ல முடியும்?

அந்த ஆயிரமும் எல்லோருக்கும் வருவதில்லை. நான் எழுதும் மனுக்களில் பாதி, பெயர்த் திருத்தம் பற்றியவை. பீடிக் கடையில் பாஸ்புக் போட்ட அன்று, கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி ‘முத்துலெட்சுமி’ என்று எழுதியிருப்பார். ஆதாரில் ‘முத்துலட்சுமி’. ஒன்றில் தகப்பன் பெயர் இருக்கும், மற்றொன்றில் கணவன் பெயர். பிறப்புச் சான்று இல்லாத தலைமுறை என்பதால், வயது ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதம். திருத்த வேண்டுமானால் வேலை கொடுத்தவரின் கையொப்பத்தோடு கூட்டு உறுதிமொழி தர வேண்டும் என்கிறார்கள். இடையில் கம்பெனி கைமாறியிருக்கும், காண்ட்ராக்டர் இறந்தே போயிருப்பார். ஒரு கால் எழுத்துக்கும் கொம்பு எழுத்துக்கும் இடையில் ஒருவரின் இருபத்தெட்டு ஆண்டு உழைப்பு சிக்கிக் கிடப்பதை நான் கண்ணால் கண்டேன். அந்தப் பெண் திருநெல்வேலிக்குப் பேருந்தில் போய்வந்த நாட்களின் கூலியைக் கணக்கிட்டால், வரவேண்டிய ஓய்வூதியத்தில் சில மாதங்கள் கழிந்துவிடும்.

இனி, இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருப்பவர்களின் நிலை. ஆயிரம் பீடிக்கு என்று நிறுத்துத் தரும் இலையில் ஆயிரம் வருவதில்லை என்பது முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எங்கே கேட்டாலும் சொல்லும் குறை. ஓட்டை விழுந்தது, பூச்சி அரித்தது, பழுத்தது எல்லாம் போக, மிஞ்சும் இலையில் எண்ணிக்கை குறையும். குறைந்ததை ஈடுகட்ட அவர்களே காசு கொடுத்து இலை வாங்கிச் சேர்க்கிறார்கள். சுற்றிக் கொண்டுபோனால், சோதிக்கிறவர் ஒரு பிடியைக் கழித்து ஒதுக்குகிறார். கழித்த பீடிக்குக் கூலி இல்லை. அரசு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தாலும், இலைக் காசும் கழிவும் போனபின் கையில் நிற்பது வேறு தொகை. இந்தப் பூசலைத் தீர்க்கவே 1966 சட்டத்தின் 39-ஆவது பிரிவு, மூலப்பொருள் வழங்குவதிலும் பீடியைக் கழிப்பதிலும் எழும் தகராறுகளை விசாரிக்க ஓர் அதிகாரியை அரசு நியமிக்க வழிசெய்தது. அந்த அதிகாரியிடம் போய் முறையிட்ட ஒரு பெண்ணையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. முறையிட்டால் மறுவாரம் இலை கிடைக்காது என்ற அச்சம் சட்டத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஒரு காலத்தில் ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் என்று இவர்கள் நலனுக்காகவே தனித் தீர்வை வசூலிக்கப்பட்டது. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு மருத்துவமனை இயங்குவதும், பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கிடைப்பதும் அப்படித் தொடங்கிய ஏற்பாடுகளால்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கு 28 சதவீத வரி விதித்தார்கள். தொழிலாளியின் பெயரால் இருந்த அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் பொது நிதியிலிருந்து வர வேண்டும். அதாவது ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்டு வாங்க வேண்டும்.

பீடி உடலைக் கெடுக்கும் பொருள் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. இந்தத் தொழில் தேய்வதில் எனக்கு வருத்தமும் இல்லை. என்னிடம் படித்த பெண் பிள்ளைகள் சுளவைத் தொடாமல் கல்லூரிக்குப் போவதைப் பார்க்கையில் மனம் நிறைகிறது. அவர்களைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்தச் சுளவுதான் என்பதால்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

வரவேண்டிய பணம் வராதபோது இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாரத் தவணைக் குழுக் கடன் வாங்குகிறார்கள். அதைக் கட்ட வட்டிக்கு வாங்குகிறார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது அது. அந்தச் சட்டம் இருந்தும், 2017 அக்டோபர் 23-ஆம் தேதி, மனுக் கொடுக்கும் திங்கட்கிழமையன்று, திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்கிரையானது. இரண்டு பச்சைக் குழந்தைகள் அதில் அடக்கம். ஏற்கெனவே பல முறை மனுக் கொடுத்த குடும்பம் அது. மனு எழுதிக் கொடுக்கிறவன் என்ற முறையில், அந்த நாளை நினைக்காமல் நான் பேனாவைத் திறப்பதில்லை.

நான் கேட்பது புதிய திட்டம் எதுவும் அல்ல. வாழ்நாள் சான்றை முக அடையாளத்தின் மூலம் பதிவு செய்யும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. ரேகை பதியாதவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவும் செய்து கொடுக்கவும் ஆள் இல்லை. வைப்பு நிதி அலுவலகமும் தொழிலாளர் துறையும் வருவாய்த் துறையும் மாதத்தில் ஒரு நாள், கூலி போடாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, பீடி சுற்றும் ஊர்களிலேயே ஒன்றாக அமர வேண்டும். பெயரும் வயதும் அங்கேயே திருத்தப்பட வேண்டும். கம்பெனி இல்லாமல் போனவர்களுக்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்றே போதும் என்று முடிவெடுக்க வேண்டும். இலையை நிறுக்கும் இடத்துக்குத் தொழிலாளர் துறை ஆய்வாளர், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு முறை வந்து பார்க்கட்டும்.

பேரூராட்சிச் சமுதாயக் கூடத்தில் நாற்காலியும் மேசையும் இருக்கின்றன. முகாம் எந்த நாளில் என்று சொன்னால், படிவம் நிரப்ப நானும் என்னோடு ஓய்வு பெற்ற இரண்டு ஆசிரியர்களும் காலை எட்டு மணிக்கே வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம். மஞ்சள் பையோடு வந்த அந்த அம்மாவின் ஓய்வூதியம் இதை எழுதும் இன்று வரை வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்,
பாப்பாக்குடி ஒன்றியம், திருநெல்வேலி மாவட்டம்.