உளோம் போகீர்

ஆவடி,
கார்த்திகை 10

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. எழுத உட்கார்ந்தால் கண் கூசுகிறது, அதனால் தினம் கால் பக்கம் என்று எழுதுகிறேன். இடது ஓரம் கோணலாகப் போயிருந்தால் திட்டாதே.

ஆமாம், நீ கேள்விப்பட்டது சரிதான். கிளாக்கோமா. கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுகிறது. வலி கிடையாது. ஓரப் பார்வைதான் முதலில் போகும். இரண்டு வருஷமாக டம்ளரைத் தட்டிவிட்டதற்கும் நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டதற்கும் வீட்டில் நல்ல வசவு. கண்ணாடிக் கடையில் இரண்டு தடவை பவரை மாற்றிக் கொடுத்தார்களே தவிர, அழுத்தம் பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் பார்த்தபோது இடது கண்ணில் 32. 21-க்குள் இருக்க வேண்டுமாம். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ராத்திரி ஒரு சொட்டு மருந்து, ஆயுசு பூராவும்.

“பிரதோஷம் தவறாமல் போனாயே, உன் சிவன் என்ன செய்தார்?” என்று கேட்டிருக்கிறாய். கறுப்புச் சட்டைக்காரன் கேட்காமல் விட்டிருந்தால்தான் எனக்குக் கவலையாக இருந்திருக்கும்.

போன மாதம் பூண்டிக்குப் போய் வந்தேன். திருவள்ளூரில் பஸ் மாறி, ஏரியைத் தாண்டி. சுந்தரர் கதை உனக்கும் தெரியும், தமிழ் வாத்தியார் ஒரு வாரம் நடத்தினாரே. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்கு, உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்துவிட்டு, திருவாரூர் நினைப்பு வந்து கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. தடவித் தடவித் திருவெண்பாக்கம், அதாவது இந்தப் பூண்டிக் கோயிலுக்கு, வந்து, கோயிலில்தான் இருக்கிறீரா என்று கேட்டார். உள்ளேயிருந்து வந்த பதில்: “உளோம் போகீர்.” இருக்கிறோம், நீர் போம்! எவ்வளவு அலட்சியம் பார். கண் கேட்டவருக்கு ஓர் ஊன்றுகோலைக் கொடுத்து அனுப்பிவிட்டார். கோபத்தில் சுந்தரர் அதை வீசினார், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பார்கள். 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தபோது பழைய கோயில் இருந்த இடம் தண்ணீருக்குள் போய்விட்டது, இப்போது இருப்பது இடம் மாற்றிக் கட்டியது. ஒற்றைக் கொம்பு நந்தி அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. அதன் இடது பக்கமாகப் போய், பார்வை தெரிகிற கண்ணால் வெகு நேரம் பார்த்தேன்.

சுந்தரருக்குக் காஞ்சியில் ஒரு கண் வந்தது. மற்றதையும் கேட்டுத் திருவாரூரில் அவர் போட்ட சண்டை இருக்கிறதே, “நீரே பழிப்பட்டீர்” என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். மற்ற கண்ணைத் தராவிட்டால் “வாழ்ந்து போதீரே”, நீரே நன்றாக இருந்துகொள்ளும் என்கிறார். அதையும் தேவாரம் என்று கோயிலிலேயே பாடுகிறோம். எனக்குப் பிடித்ததே இதுதான். டாக்டரிடம் சண்டை போட முடியவில்லை, கண்ணாடிக் கடைக்காரனிடம் போட்டுப் பயனில்லை. ராத்திரி சொட்டு விட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடக்கிற ஐந்து நிமிஷம் சிவனைத்தான் வைகிறேன். அப்புறம் தூக்கம் வந்துவிடுகிறது. வைய ஆளில்லாமல் நீ எப்படித் தூங்குகிறாய் என்று நிஜமாகவே கேட்கிறேன்.

அக்கம்பக்கத்தில், போன ஜன்மத்துப் பாவம் என்று ஆறுதல் சொல்ல வந்தார்கள். அவர்களைத்தான் சகிக்க முடியவில்லை. சுந்தரராவது சத்தியம் மீறினார். நான் என்ன மீறினேன்?

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. தங்கச்சி போன அன்று போனில் உன்னிடம், “ஆண்டவன் சோதிக்கிறான்டா” என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தாய். ஒரு வருஷமாக அது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. எனக்குச் சாமி உண்டு என்பதற்காக உன் துக்கத்துக்கு நான் காரணம் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள். வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்க வேண்டும்.

மற்றபடி பெரியவளுக்குத் தை மாதம் பிரசவம். மழையில் கொல்லைச் சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. வருகிற வாரம் மறுபடி அழுத்தம் பார்க்கிறார்கள், போன தடவை 18-க்கு இறங்கியிருந்தது.

பொங்கல் கழிந்து திருச்சி வருகிறேன். ராத்திரியில் தனியாக வர பயமாக இருக்கிறது, பகல் ரயிலில்தான் வருவேன். ஸ்டேஷனுக்கு வந்துவிடு. பிளாட்பாரத்தில் எனக்கு வலது பக்கமாக நில், அப்போதுதான் தெரிவாய்.

உன்,
மாப்ளை