முகூர்த்தத்துக்கு முன் பார்க்க வேண்டிய எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழின் திருமணச் சிறப்புப் பக்கங்களில் மணப்பெண் ஒரே மாதத்தில் ஐந்து கிலோ இளைக்க அட்டவணை கொடுத்திருந்தீர்கள். காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், இரவில் சாப்பாட்டுக்குப் பதில் பழச்சாறு. தொடங்குவதற்கு முன் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அது என்னை மிகவும் வருத்தியது.

திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். தை, வைகாசி, ஆவணி நெருங்கினால் கல்யாணம் நிச்சயமான பெண்கள் தலைசுற்றுகிறது, முடி கொட்டுகிறது என்று வருவார்கள். சமீபத்தில் வந்த ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 7.6. குறைந்தது 12 இருக்க வேண்டும். ஊசி போடக் கையைப் பிடித்தபோதே பார்த்தேன், நகமும் உள்ளங்கையும் வெளிறிக் கிடந்தன. முகூர்த்த ரவிக்கையை ஒரு சுற்று சின்னதாகத் தைக்கக் கொடுத்துவிட்டார்களாம். அதற்குள் இளைத்தாக வேண்டும் என்று மதியச் சோற்றையே விட்டிருக்கிறாள். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டோடு திரும்பி வந்த அவள் அம்மா என்னிடம் கேட்டது: "ஏம்மா, இதைச் சாப்பிட்டா பிள்ளை கறுத்துருவாளா? உடம்பு போட்டுருமா?"

எனக்கு இது புதிய கேள்வி இல்லை. குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று பயந்து மாத்திரையைத் தொடாத கர்ப்பிணிகளையும் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரையால் மலம்தான் கறுப்பாகப் போகும். தோல் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதாவது ஹீமோகுளோபின் குறைவு. உங்கள் அட்டவணையைப் படித்துப் பட்டினி கிடக்கப்போவதும் இதே பெண்கள்தான். கல்யாணமான கையோடு பலர் கர்ப்பமாகிறார்கள். ரத்தம் ஏற்கெனவே குறைந்திருந்தால், பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போனாலே உயிருக்கு ஆபத்து.

எடையே குறைக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. தேவைப்படுகிறவர்களுக்கு டாக்டரே சொல்வார். அப்புறம், ஒல்லியாக இருந்தால் நோய் இல்லை என்பதும் தப்புக் கணக்கு. ஒல்லியான எத்தனையோ பேருக்குச் சர்க்கரை 200-ஐத் தாண்டி வருகிறது. உடம்பைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது.

அடுத்த சிறப்பிதழில் அழகுக் குறிப்புகளுக்கு முன்னால் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்க வேண்டும், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை இலவசமாகப் பார்க்கலாம், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது, கீரையோடு கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்வது நல்லது. இவ்வளவு போட்டால் போதும். மாத்திரை போட்டால் யாரும் கறுக்க மாட்டார்கள் என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனை நிலைய ஊழியை,
திண்டுக்கல்.