கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் தமிழ் அமைப்புகளுக்கும்: நம் பிள்ளைகளின் போதைப் பழக்கத்தைப் பற்றி மேடையில் பேசுங்கள்

சிங்கப்பூர் இந்துக் கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தரும் தொண்டூழியர். உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கிறேன். மின்சிகரெட்டிலும் போதைப்பொருளிலும் சிக்கிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி உங்கள் மேடைகளில், தமிழிலேயே, பெற்றோர் முகம் பார்த்துப் பேசுங்கள். பிடிபட்டால் என்ன தண்டனை என்று எல்லாருக்கும் தெரியும். உதவி கேட்டு வந்தால் யாரும் உங்களைத் தாழ்வாகப் பார்க்க மாட்டோம் என்று நம் பெரியவர்கள் சொல்லிப் பெற்றோர் கேட்க வேண்டும்.

மனநலக் கழகத்தின் ஆய்வு ஒன்றில், போதைப்பொருளைத் தொட்டவர்கள் அதைத் தொடங்கிய சராசரி வயது 15.9 என்று தெரியவந்தது. உயர்நிலை மூன்று, நான்கு படிக்கும் வயது. ஆசைக்குக் கடிவாளம் போடும் மூளைப் பகுதி முழுதாக வளர இருபத்தைந்து வயதுவரை ஆகும். இந்த இடைவெளியில்தான் கேபாட்ஸ் எனும் போதை மருந்து கலந்த மின்சிகரெட் வந்து சேர்ந்தது. அதில் இருக்கும் எட்டோமிடேட், அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியை மயங்க வைக்க மருத்துவமனையில் கொடுக்கும் மருந்து. அதைப் புகையாக இழுக்கும் பிள்ளை தள்ளாடுகிறது, வலிப்பு வந்து விழுகிறது. 2025 செப்டம்பர் 1 அன்று அது சி பிரிவுப் போதைப்பொருளாகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சட்டம் கடுமையாக இருப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டெலிகிராமில் கடை விரித்துப் பிள்ளைகளிடம் விற்பவனுக்கு எந்தத் தண்டனையும் தகும்.

ஆனால் வாங்கி இழுத்த பதினைந்து வயதுப் பிள்ளையையும் அதே கண்ணால் பார்க்கிறோமே, அதுதான் வலிக்கிறது. வீட்டில் தெரிந்ததும் முதலில் வரும் கேள்வி, "வெளியில தெரிஞ்சா என்ன ஆகும்?" அக்காவுக்கு வரன் பார்க்கும் நேரம், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், கோயிலில் எப்படி முகம் காட்டுவது. அப்புறம் கைப்பேசியைப் பிடுங்கி, அடித்து, சாமி மேல் சத்தியம் வாங்கி, விஷயத்தை மூடிவிடுகிறார்கள். "கெட்ட சகவாசம், இப்போ சரியாயிட்டான்" என்று தங்களுக்கே சொல்லிக்கொள்கிறார்கள். பிள்ளை ஏன் அதைத் தேடிப் போனது, தூக்கம் வராமலா, தேர்வு பயமா, வீட்டுச் சண்டையா என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளையும் அடுத்த முறை இன்னும் கவனமாக மறைக்கக் கற்றுக்கொள்கிறது. சுலபமாக மீட்டிருக்கக்கூடிய மாதங்கள் இப்படித்தான் கைநழுவிப் போகின்றன.

இந்தப் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பயப்படுவது நம்மைப் பார்த்துத்தான்.

உதவிக்கு இங்கே வழி இருக்கிறது. மின்சிகரெட்டை விட விரும்பித் தானாக 'குவிட்வேப்' திட்டத்தில் சேருபவருக்கு அபராதம் கிடையாது, குற்றப் பதிவும் இல்லை. மனநலக் கழகத்தில் அடிமைப் பழக்கங்களுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. 1972 முதல் இயங்கும் சானா எனும் சிங்கப்பூர்ப் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கம் குடும்பங்களுக்கும் ஆலோசனை தருகிறது. இவையெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் இருக்கும் செய்திகள்தான். ஆனால் பிரசுரத்தைப் படித்து யாரும் துணிந்து கிளம்பிவிடுவதில்லை. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அன்னதானத்துக்கு முன்னால், எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெரியவர் எழுந்து, "நம்ம வீட்டிலும் இது நடக்கலாம், மறைக்காதீங்க, வாங்க பேசலாம்" என்று சொன்னால் ஓர் அம்மாவாவது மறுநாள் தொலைபேசியை எடுப்பார். தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவரை மாதம் ஒருமுறை ஓர் அறையில் உட்கார வையுங்கள். அறிவிப்பில் 'பிள்ளை வளர்ப்பு ஆலோசனை' என்று மட்டும் போடுங்கள். உள்ளே போகிறவரைப் பார்த்து யாரும் கணக்குப் போட முடியாது.

இன்னொன்றும் உண்டு. மறுவாழ்வு நிலையத்திலிருந்து திரும்பியவர்களை என்ன செய்கிறோம்? முன்னாள் கைதிகளுக்கு மறுவாய்ப்புக் கொடுக்கச் சொல்லும் மஞ்சள் ரிப்பன் இயக்கம் 2004இல் தொடங்கியது. ஆஷ்ரம் மறுவாழ்வு இல்லத்தை இந்து அறக்கட்டளை வாரியமே நடத்துகிறது. இருந்தும் ஒருவர் பெயரைச் சொன்னால், "உள்ள போயிட்டு வந்தவர்தானே?" என்ற முணுமுணுப்பு இன்னும் எழுகிறது. அவரைப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மீண்டு வந்தவருக்கே இதுதான் மரியாதை என்றால், சிக்கிக்கொண்ட பிள்ளை நம்மிடம் எப்படி வாய் திறக்கும்? தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும்போதும், தீமிதிக்கு வேலை பிரிக்கும்போதும் அவர்களை அழையுங்கள். பின்னால் பாத்திரம் கழுவ அனுப்பிவிட வேண்டாம். பட்டியலில் பெயர் போட்டுப் பொறுப்புக் கொடுங்கள்.

உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர் கூட்டம் நடத்த நாள் குறித்தால், நாற்காலி போடுவதிலிருந்து வீடு வீடாகப் போய்ச் சொல்வதுவரை என்னைப் போன்ற தொண்டூழியர்கள் வரத் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
ஈசூன் வட்டாரத் தொண்டூழியர் ஒருவர்