கனிமம் ஒரு நாட்டுக்கு, கழிவு இன்னொரு நாட்டுக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்கார், மின்னணுப் பொருள் போன்றவற்றுக்கு வேண்டிய முக்கியக் கனிமங்களுக்காக நாடுகள் கூட்டணி சேர்வதைப் பற்றிய கட்டுரை படித்தேன். சுரங்கங்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, சுத்திகரிப்பை இரண்டே வரியில் தாண்டிவிட்டார் கட்டுரையாளர். வில்லங்கமே அங்கேதான். கார் மோட்டார்களின் வலுவான காந்தங்களுக்கு வேண்டிய அரிய மண் தனிமங்கள் என்ற உலோகங்களைப் பிரித்தெடுக்கும் வேலையில் சுமார் 90 சதவீதம் சீனாவின் கையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அது ஏழு தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றதும், காந்தம் கிடைக்காமல் சில கார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தவேண்டி வந்தது.

சீனா இந்த இடத்துக்கு வந்ததற்குத் தொழில்நுட்பமும் மலிவு விலையும் மட்டும் காரணமல்ல. இந்த வேலையில் மிஞ்சும் அமிலக் கழிவையும் கதிரியக்கக் கழிவையும் தன் மண்ணிலேயே கொட்டிக்கொள்ள அது தயாராக இருந்தது. மற்றவர்கள் சரக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது மாற்று வழி தேடும்போதும் அந்தக் கழிவு எங்காவது தங்கித்தானே ஆகவேண்டும்?

2010-இல் சீனாவோடு ஏற்பட்ட தகராறில் அரிய மண் வரத்து தடைபட்ட பிறகு ஜப்பான் செய்ததைப் பாருங்கள். மறு ஆண்டே லைனாஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்துக்கு 25 கோடி டாலர் கொடுத்து உதவியது. தாது மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில் கிடைக்கிறது. அது கப்பலேறி மலேசியாவின் குவாந்தான் அருகே இருக்கும் ஆலைக்குப் போகிறது. அங்கே கந்தக அமிலத்தோடு சேர்த்து வறுத்து, கரைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள். தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த சக்கை மலேசியாவிலேயே தங்கிவிடுகிறது. அதே நாட்டில் ஈப்போ நகர் அருகே புக்கிட் மேராவில் முன்பு இதேபோன்ற ஓர் ஆலையால் பட்ட பாடு மலேசிய மக்களுக்கு மறக்கவில்லை, லைனாஸ் ஆலைக்கு எதிராகப் போராட்டம் வெடித்தது. 2020-இல் உரிமத்தைப் புதுப்பித்த மலேசிய அரசு, கதிரியக்கக் கழிவு உண்டாகும் முதல்கட்ட வேலையை வெளியே கொண்டுபோ என்று நிபந்தனை போட்டது. நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் ஆலை கட்டியது. பிறகு 2023-இல் மலேசியாவே நிபந்தனையைத் தளர்த்தியது வேறு விஷயம். ஆனாலும் அழுத்திக் கேட்டால் நடக்கிறது என்பது தெரிந்ததல்லவா?

முக்கியக் கனிமங்கள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 சட்டம், அந்தக் கனிமங்களில் ஒன்றியத்தின் தேவையில் 40 சதவீதத்தை 2030-க்குள் தன் எல்லைக்குள்ளேயே பதப்படுத்த இலக்கு வைத்திருக்கிறது. அது நடந்தால் அந்த அளவுக்காவது கழிவும் அங்கேயே தங்கும். அந்த மட்டில் நியாயம்தான். ஆனால் இதே ஒன்றியம்தான், நிக்கல் தாதுவை எங்கள் நாட்டிலேயே பதப்படுத்துவோம் என்று ஏற்றுமதிக்குத் தடை போட்ட இந்தோனேசியாவை உலக வர்த்தக அமைப்புக்கு இழுத்தது. (இந்தோனேசியாவையும் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. அங்குள்ள நிக்கல் ஆலைகள் பெரும்பாலும் நிலக்கரி மின்சாரத்தில்தான் ஓடுகின்றன.)

கனிமங்களுக்காக நாடுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் நிலைத்த வளர்ச்சி என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. எனக்கு வேண்டியது அதைவிடச் சின்ன விஷயம். சக்கை எந்த ஊரில், எத்தனை ஆண்டு கிடக்கும், ஆலை மூடிய பிறகும் அதைக் காவல் காக்கும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, வாங்கும் நாடு அதற்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். காந்தத்தின் விலை கொஞ்சம் ஏறும், ஏறட்டும். அடுத்த முறை இப்படி ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானால், அந்த வைப்புத்தொகை எவ்வளவு, கட்டியது யார் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்